‘பட்டுடுச்சு’ என்று சொன்னவள்

கடிக்கிற நாய் எது வந்தாலும் அந்த விலங்கு மருத்துவமனையின் வரவேற்பறையிலிருந்து உள்ளே போகும் முதல் குரல், "பெரியக்காவக் கூப்பிடுங்க" என்பதுதான். பெரியக்கா வருவார். ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொள்வார். நாயின் கண்ணை நேராகப் பார்க்க மாட்டார். பக்கவாட்டில் போய் நிற்பார். சற்று நேரத்தில் ஒரு கை தாடைக்கு அடியில் போயிருக்கும். இன்னொரு கை முன்னங்காலைப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தி, நரம்பைப் புடைக்க வைத்திருக்கும். ஊசியோடு வரும் டாக்டருக்கே அது எப்போது நடந்தது என்று தெரியாது.

"என்ன மந்திரம்க்கா இது?" என்று யாராவது கேட்டால், "என் கைகிட்டதான் கேக்கணும்" என்பார். அடக்கமாகச் சொல்வதுபோல் இருக்கும். அத்தனையும் பெருமை.

அவர் அங்கே வந்தது துணி துவைக்க. அதற்கு முன்பு வேலை பார்த்த சலவைக்கடையை மூடிவிட்டார்கள். மருத்துவமனையில் தினமும் மலைபோலக் குவியும் துண்டுகளையும் கூண்டு விரிப்புகளையும் வெளுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். ஒருநாள் மூன்று பேரை உதறித் தள்ளிவிட்டு ஒரு பெரிய நாய் துவைக்கும் அறைக்குள் ஓடி வந்து இயந்திரத்துக்குப் பின்னால் பதுங்கியது. கையில் இருந்த துண்டைப் போர்த்தி, அதோடு பேசிக்கொண்டே வெளியே கூட்டி வந்தார். அன்றோடு துணி வெளுக்கும் வேலை வேறு ஒருவருக்குப் போயிற்று.

கூண்டு, தீவனம், மருந்து, கட்டு, எக்ஸ்-ரே மேசையில் பிடித்துக்கொள்வது என்று எல்லாம் அவர் கைக்கு வந்தன. வராத இடம் ஒன்றே ஒன்று: அறுவை அறை. உதவியாளர் சான்றிதழ் இல்லாதவர்கள் கவுன் போட்டுக்கொண்டு மேசைப் பக்கம் நிற்கக் கூடாது என்பது விதி. மயக்கம் கொடுக்கும்வரை நாயைத் தடவிக்கொண்டிருப்பார். அது கண் செருகியதும் கதவுக்கு வெளியே வந்துவிடுவார். வட்டக் கண்ணாடி வழியாக மற்றவர்கள் முதுகுதான் தெரியும்.

"எத்தனை நாளைக்கு எட்டி எட்டிப் பாப்பீங்க? போய்ப் படிங்க" என்று டாக்டரம்மா ஒருநாள் அதட்டினார். படித்து வந்தால் அறுவை அறையில் அவருக்கு ஓர் இடம் என்றும் சொன்னார்.

மாலை வகுப்பில் சேர்ந்தார். மற்றவர்கள் எல்லாம் பள்ளி முடித்த கையோடு வந்த பிள்ளைகள். முதல் நாளே அவரை ஆசிரியை என்று நினைத்து மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. "உக்காருங்கடா, நானும் உங்க கட்சிதான்" என்றார். அங்கும் பெரியக்கா ஆகிவிட்டார்.

எழுத்துப் பாடங்களில் திணறினார். செய்முறையில் அவர்தான் ராணி. ஒரே ஒரு பாடம் மட்டும் அவரைப் பாடாய்ப் படுத்தியது: ஸ்டெரைல் முறை. சுத்தம் வேறு, ஸ்டெரைல் வேறு. சோப்புப் போட்டுக் கழுவிய கை சுத்தமான கைதான். ஆனால் அதில் கண்ணுக்குத் தெரியாத கிருமி கோடி இருக்கும். திறந்து வைத்த வயிற்றுக்குப் பக்கத்தில் போகிற கையில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அதனால்தான் அவித்தெடுத்த கவுன், உறையைப் பிரித்து விரல் படாமல் மாட்டும் கையுறை, நோயாளியைச் சுற்றி விரிக்கும் பச்சைத் துணிகள். கையுறை மாட்டிய கைகள் நெஞ்சுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே நிற்க வேண்டும். மூக்கு அரித்தாலும் அரிக்கட்டும் என்று விட வேண்டும். ஸ்டெரைல் ஆனது ஸ்டெரைல் ஆனதை மட்டுமே தொடலாம்.

தவறித் தொட்டுவிட்டால்? அதற்கு அந்த வகுப்பில் ஒரு சொல் இருந்தது. "பட்டுடுச்சு." யார் பார்த்தாலும் சொல்லலாம், சொல்ல வேண்டும். அது காதில் விழுந்ததும் எங்கே, எப்போது, யார் சொன்னது என்ற கேள்வியே கிடையாது. ஓர் அடி பின்வாங்க வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு வேறு மாட்ட வேண்டும். வேலையைத் தொடர வேண்டும். "பட்டுச்சா படலையான்னு பட்டிமன்றம் வெக்க நமக்கு நேரமில்ல. வயிறு திறந்து கெடக்கும்" என்பார் வகுப்பு ஆசிரியர். சொன்னவரும் அந்தச் சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் வந்துவிட்டால் பட்டதாகத்தான் கணக்கு.

வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுப் பயிற்சி செய்தார். அவர் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து கிரீஸ் கையோடு வாசலிலேயே நின்று வேடிக்கை பார்ப்பார்.

"என்னடி இது, எவனோ துப்பாக்கி காட்டின மாதிரி கையத் தூக்கிட்டு நிக்கிற?"

"கிட்ட வராதீங்க. நீங்க முழுக்க முழுக்கக் கிருமி."

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் கழிச்சுத்தான் கண்டுபுடிச்சியாக்கும்."

பள்ளிக்கூடம் படிக்கும் மகள் நாற்காலியில் கால் மடித்து உட்கார்ந்து நடுவர் வேலை பார்ப்பாள். அம்மா முந்தானையைச் சரிசெய்தால் "பட்டுடுச்சு!" நெற்றி முடியை ஒதுக்கினால் "பட்டுடுச்சு!" செல்போன் அடித்துத் திரும்பிப் பார்த்தால் "மேசைக்கு முதுகக் காட்டிட்டம்மா, அதுவும் தப்பு!" பெரியக்கா சிரித்துக்கொண்டே கழற்றி மாட்டுவார். வீட்டில் அதை ஏற்றுக்கொள்வதில் அவருக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

செய்முறைத் தேர்வுக்கு இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும். ஒருவர் கவுனும் கையுறையும் போட்டு மேசையருகே நிற்பவர். இன்னொருவர் சுற்றி நிற்பவர். உறைகளைப் பிரித்துக் கொடுப்பதும், எங்கே என்ன படுகிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பதும் அவர் வேலை. இருவருக்கும் மதிப்பெண் உண்டு. பெரியக்காவோடு சேர்த்துப் போட்டது குருவியை.

அந்தப் பெயரை வகுப்புதான் வைத்தது, அவள் குரலுக்காக. அவள் வருகை சொன்னால் ஆசிரியருக்குக் கேட்காது. வராதவர் கணக்கில் பலமுறை போயிருக்கிறாள். மெலிந்த, கூச்ச சுபாவமுள்ள பெண். ஆனால் பார்வை கூர்மை. வகுப்பில் மற்றவர்கள் கவனிக்காத தொடுகையெல்லாம் அவள் கண்ணில் பட்டுவிடும். பக்கத்தில் இருப்பவள் காதில் சொல்லி, அவளைக் கத்த வைப்பாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய விலங்கு மருத்துவமனையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். தேர்வில் தேறிச் சான்றிதழோடு மாதம் பிறந்ததும் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அப்பா இல்லாத வீடு. அம்மாவுக்கு மூட்டு வலி. இந்த வேலை வந்தால் அம்மாவை வேலைக்குப் போக விடமாட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், அந்தச் சின்னக் குரலில்.

தேர்வு நாளன்று வராந்தாவில் காத்திருந்தபோது பெரியக்காதான் அவளுக்குத் தைரியம் சொன்னார். "பயப்படாத. நான் எங்கயாச்சும் தொட்டுட்டா பளிச்சுனு சொல்லிடு."

"சரிக்கா."

"சத்தமாச் சொல்லணும். எனக்குக் காது கேக்கணுமில்ல?"

"சரிக்கா" என்றாள் குருவி, கொஞ்சம் சத்தமாக.

வகுப்பறை ஒன்றை அறுவை அறையாக மாற்றியிருந்தார்கள். நடுவில் எஃகு மேசை. மேசைமேல் நோயாளி: பழுப்பு நிறத்தில் பஞ்சு அடைத்த பொம்மை நாய். வயிற்றில் மட்டும் ரோமத்தை வெட்டி, தோல்போல ரப்பர் ஒட்டியிருந்தார்கள். ஆண்டுக்கணக்கில் எத்தனையோ பேருக்கு வயிறு காட்டிப் படுத்துப் படுத்து அதன் ரோமம் கையோடு வரும். பிள்ளைகள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று துணி போர்த்தி அலங்காரம் செய்ய, தான் ஒன்றும் செய்யாமல் சொகுசாகப் படுத்திருப்பதால்.

சுவரோரம் தேர்வாளர் நின்றிருந்தார். அறுவை அறைகளிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்ற அம்மாள். கயிற்றில் தொங்கும் கண்ணாடி, கையில் அட்டை. முடியும்வரை வாய் திறக்க மாட்டார். வராந்தா ஜன்னலில் அடுத்து வரவேண்டிய ஜோடிகள் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றன.

பெரியக்கா நன்றாகவே ஆரம்பித்தார். கை கழுவியது, கவுன் போட்டது, கையுறை மாட்டியது எல்லாம் கச்சிதம். ஜன்னலில் ஒரு பையன் கட்டைவிரலைக் காட்டினான். முதல் துணியை விரித்தார், இரண்டாவதை விரித்தார். மூன்றாவதை விரிக்கும்போது மேசை லேசாக ஆடியது. தலையணையில் இருந்த மாப்பிள்ளையின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

பெரியக்காவின் இடது கை போய் அந்தத் தலையை இரண்டு காதுக்கும் நடுவே ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்பி வந்தது.

அவருக்கு அது தெரியவே தெரியாது. நான்காவது துணியை எடுக்கப் போனார்.

"அக்கா" என்றாள் குருவி. "பட்டுடுச்சு."

"என்னது?"

"பட்டுடுச்சுக்கா. இடது கை. தலையில."

"தலையிலயா? நான் எப்பம்மா தலையத் தொட்டேன்?"

"இப்பதான்க்கா. நான் பாத்தேன்."

ஜன்னலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேர்வாளர் பேனாவை அட்டையில் வைத்தபடி நின்றார். அந்த இடத்தில் ஓர் அடி பின்வாங்கியிருந்தால் போதும். கையுறை மாற்றியிருந்தால் ஒரே ஒரு மதிப்பெண் குறைந்திருக்கும், இருவரும் தேறியிருப்பார்கள். ஆனால் பெரியக்காவின் முகம் சூடாகிவிட்டது.

"என் கை எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நாய் புடிச்ச கை இது. பதட்டத்துல எதையாச்சும் சொல்லாத."

அது பொய்யும்கூட. குருவி பிறந்தபோது அவர் சலவைக்கடையில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

குருவி அவர் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "சரிக்கா" என்றாள். "நான்தான் சரியாப் பாக்கலபோல."

"அப்படிச் சொல்லு."

நான்காவது துணியை விரித்தார். துணிகளின் மூலைகளைச் சேர்த்துப் பிடிக்கும் க்ளிப்பை எடுத்தபோதுதான் கண்டார். வெள்ளைக் கையுறையின் நடுவிரலில் பழுப்பாக நாலைந்து ரோமம். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் கொஞ்சம் உதிர்ந்து பச்சைத் துணியில் விழுந்தது. எதிரே நின்ற குருவிக்கு அவர் கை மறைத்தது. தேர்வாளர் சுவரோரம் நின்றார்.

அப்போதும் வாய் திறந்திருக்கலாம். தானே சொல்லிக்கொண்டாலும் விதி ஒன்றுதான். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் அதற்கு முன்னால் சொன்னதையெல்லாம் விழுங்க வேண்டும், ஜன்னலில் இத்தனை முகங்களை வைத்துக்கொண்டு. பெரியக்கா க்ளிப்பை ரோமம் விழுந்த இடத்துக்கு மேலேயே வைத்து அழுத்தினார்.

முடிந்ததும் தேர்வாளர் மேசைக்கு வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நேராக அந்த க்ளிப்பைப் பேனா முனையால் நிமிர்த்தினார்.

"இது என்ன?"

பெரியக்கா தன் கையுறையைப் பார்த்தார்.

"தலையத் தடவினீங்க. 'ஒண்ணுமில்லடா கண்ணா'ன்னு வேற சொன்னீங்க. இந்தச் சுவர் வரைக்கும் கேட்டுச்சு."

ஜன்னலுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். பஞ்சு நாய்க்கு ஆறுதல் சொன்ன கதை அன்று மாலைக்குள் மொத்த வகுப்புக்கும் போய்விடும் என்று அவருக்கு அப்போதே தெரிந்தது. அதுகூடப் பரவாயில்லை; அதில் ஒரு வெகுளித்தனமாவது இருந்தது. க்ளிப்புக்கு அடியில் இருந்ததில் வெகுளித்தனம் எதுவும் இல்லை.

"நீங்க ஃபெயில்" என்றார் தேர்வாளர். பிறகு குருவி பக்கம் திரும்பினார். "நீங்களும்."

"மேடம், நான் சொன்னேனே" என்றாள் குருவி.

"சொன்னீங்க. அப்புறம் திருப்பி எடுத்துக்கிட்டீங்க. நாளைக்கு டாக்டரே கத்துவாங்க. அப்பவும் 'சரியாப் பாக்கலபோல'ன்னு சொல்லுவீங்களா?"

குருவி தலையைக் குனிந்துகொண்டாள். 'அவ சரியாத்தான் பாத்தா, நான்தான் மெரட்டினேன்' என்று சொல்ல பெரியக்காவுக்கு அங்கே இடம் இருந்தது, நேரம் இருந்தது. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதைக் கழற்ற அவ்வளவு நேரம் ஆகாது.

வராந்தாவில் குருவி பையில் எதையோ தேடுவதுபோல நின்றாள். "அடுத்த பரீட்சை எப்பக்கா?"

"ரெண்டு மூணு மாசம் ஆகும்போல."

"ஒண்ணாந்தேதி வரச் சொல்லியிருந்தாங்க."

"கேட்டுப் பாரு. காத்திருப்பாங்க. விடு, இதுக்கெல்லாம் மனசு ஒடிஞ்சு போலாமா?"

அந்த 'விடு' என்ற சொல் வாயிலிருந்து வந்த கணத்திலிருந்தே பெரியக்காவுக்குக் கசந்தது. இருவருக்கும் ஒரே பேருந்து நிறுத்தம்தான். ஏதோ வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

வீட்டில் இருவரும் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். கணவர் எழுந்தார். "என்னாச்சு?"

"போச்சு."

"எப்படிடி? நீ தூக்கத்துலகூடக் கையுறை மாட்டுவியே."

"கூட நின்ன பொண்ணு சொதப்பிட்டா" என்றார் பெரியக்கா. "சொல்றத ஒழுங்காச் சொல்லல. ஒருதடவை பட்டுடுச்சுங்கறா, ஒருதடவை படலங்கறா. ரெண்டு பேரையும் ஃபெயில் பண்ணிட்டாங்க."

எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். சேர்த்துக் கட்டியதுதான் பொய்.

"அறியாப் புள்ளையோட போட்டா அப்படித்தான்" என்றார் கணவர். "சாப்பிடு முதல்ல."

மகள் மட்டும் விடவில்லை. "சரி, பட்டுச்சா படலையாம்மா?"

"பரீட்சை எழுதினது நானா நீயா? போய்ப் படி."

மகள் எழுந்து போனாள். அம்மா தன்னிடம் அப்படிக் குரல் உயர்த்திப் பேசியதே இல்லை என்பது அவள் போன வேகத்தில் தெரிந்தது.

மறுநாள் மருத்துவமனையிலும் அதே கதையைத்தான் சொன்னார். வரவேற்பறையில் இருக்கும் தம்பியிடம் ஒரு விஷயம் சொன்னால் போதும், தனியாகத் தண்டோரா போட வேண்டாம். மதியத்துக்குள் எக்ஸ்-ரே எடுப்பவர், மருந்து கொடுப்பவர், துணி வெளுக்கும் அம்மாள் எல்லோரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். "எவளோ ஒருத்தி செஞ்ச தப்புக்கு நீங்களாக்கா பலி?" என்றார்கள். ஒவ்வொருவர் சொல்லச் சொல்லக் கதையில் பெரியக்காவின் பங்கு சுருங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலம் பார்த்தால், அவர் தேர்வறைக்கே போகாதவர்போல ஆகிவிட்டார். எல்லாவற்றையும் அந்தப் பெண்ணே செய்திருந்தாள். பெரியக்கா யாரையும் திருத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

வேலை நடந்தது. கடிக்கிற நாய்கள் வந்தன. ஆனால் ஒரு மாற்றம்: ஒரு நாயைத் தடவக் கை போகும்போது, பாதி வழியில் அந்தக் கையைப் பார்த்துவிடுவார். பார்த்ததும் கை தயங்கும். நாய்க்கு அது உடனே தெரிந்துவிடும், உறுமும். மந்திரம் வேலை செய்யாத நாட்கள் வந்தன. "அக்காவுக்குப் பரீட்சைக் கவலை" என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள்.

மாதம் பிறந்து சில நாள் கழித்து, மதிய வேளையில், டாக்டரம்மா ஒரு பூனையின் காதைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பெரியக்கா பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்திருந்தார்.

"சொல்ல மறந்துட்டேன்" என்றார் டாக்டரம்மா. "காலையில ஒரு பொண்ணு வேலை கேட்டு வந்துச்சு. கூண்டுப் பக்கம் போட்டாலும் பரவாயில்லையாம். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில சான்றிதழ் இல்லாம எடுக்க முடியாதுன்னு வேற ஆளப் போட்டுட்டாங்களாம். எங்க படிச்சன்னு கேட்டா, உங்க வகுப்பு. வாயே தெறக்க மாட்டேங்குது, எலிக்குஞ்சு மாதிரி குரல்."

பெரியக்காவின் பிடி இறுகியது. பூனை கத்தியது.

"உங்க பரீட்சையக் கெடுத்தவ அவதானேன்னு நம்ம தம்பி வந்து காதைக் கடிச்சான். நமக்கு எதுக்கு வம்பு? இடமில்லன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"என்ன சொல்லும்? 'சரிங்க மேடம்'னு போயிடுச்சு."

பெரியக்காவுக்கு அந்தச் 'சரி' காதில் கேட்டது. குருவிக்கு முதல் தடவை வேலை போனது தேர்வறையில். அதையாவது பதட்டம், கோபம் என்று எதன் தலையிலாவது போடலாம். இந்த இரண்டாவது தடவை அவர் அமைதியாக, தலையை ஆட்டி ஆட்டிச் செய்தது. பூனையின் காதில் சொட்டு மருந்து விழும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். கூண்டில் விட்டு, கொக்கியை மாட்டினார்.

"டாக்டர், அவ கெடுக்கல."

"என்னது?"

"நான்தான் தொட்டேன். அவ சரியாச் சொன்னா. நான் அவள வாயடைக்க வெச்சேன்."

டாக்டரம்மா கையைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை மூடவில்லை. "தெரியாமத் தொட்டிருப்பீங்க. எல்லாருக்கும் நடக்கறதுதான்."

அந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை பெரியக்காவுக்கு வந்தது. கதவு திறந்துதான் இருந்தது. வெளியே தம்பி நடமாடிக்கொண்டிருந்தான்.

"தொட்டது தெரியாது. ஆனா அப்புறம் தெரிஞ்சுது. விரல்ல ரோமம் ஒட்டியிருந்ததப் பாத்தேன். க்ளிப்ப மேல வெச்சு மறைச்சேன். அவளையும் சேத்து ஃபெயில் பண்ணினப்ப பேசாம நின்னேன். இங்க வந்து அவ மேல பழி போட்டேன்."

டாக்டரம்மா குழாயை மூடினார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கோபமாக இருந்தால் தேவலை என்றிருந்தது. கூண்டில் இருக்கும் நாயின் நோயை யோசிக்கும்போது பார்ப்பாரே, அப்படிப் பார்த்தார்.

"மறைச்சீங்களா?"

"ஆமா."

"நிஜ நாயா இருந்தாலும் மறைச்சிருப்பீங்களா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் எடுத்தார். "தெரியல டாக்டர்."

"அன்னைக்கே ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"இப்ப?"

"இப்பவும்தான்."

டாக்டரம்மா துண்டில் கையைத் துடைத்தார், விரல் விரலாக. "அறுவை அறை விஷயம் அப்புறம் பேசலாம்" என்றார். அப்புறம் என்பது எப்போது என்று சொல்லவில்லை. பெரியக்கா கேட்கவும் இல்லை. "அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க. இடம் இருக்குன்னு சொல்லுங்க. நான் சொல்லமாட்டேன், நீங்களே சொல்லுங்க."

துவைக்கும் அறையில் நின்று பேசினார். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மறுமுனையில் குரல் வழக்கம்போல மெல்லியதாக இருந்ததால் நிறுத்திவிட்டுப் பேசினார்.

"குருவி, நான் பெரியக்கா பேசறேன்."

"சொல்லுங்கக்கா."

"நீ இங்க வந்தியாம். இடம் இல்லன்னு சொன்னது என்னாலதான். உன்னப் பத்தித் தப்பா ஒரு கதை கட்டி வெச்சிருந்தேன். இப்ப டாக்டர்கிட்ட உண்மையச் சொல்லிட்டேன்."

பெரியக்கா போனை மறு காதுக்கு மாற்றினார்.

"க்ளிப்புக்கு அடியில என்ன இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்க்கா. மேடம் எடுத்துக் காட்டினப்ப பாத்தேன்."

"அது எனக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சேதான் வெச்சேன்."

"அதுவும் தெரியும்க்கா" என்றாள் குருவி. "நீங்க ஒரு நிமிஷம் உங்க விரலையே பாத்துக்கிட்டு நின்னீங்க. நான் உங்க கண்ணப் பாத்துக்கிட்டு இருந்தேன்."

பெரியக்கா சுவரில் சாய்ந்துகொண்டார். அப்படியென்றால் வராந்தாவில் 'விடு' என்று சொன்னபோது, 'காத்திருப்பாங்க' என்று சொன்னபோது, எல்லாம் தெரிந்துகொண்டேதான் இந்தப் பெண் பையில் எதையோ தேடிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"என்ன மன்னிச்சிடும்மா."

"சரிக்கா."

"நாளைக்கே வா. டாக்டர் வரச் சொன்னாங்க."

"வேண்டாம்க்கா."

"ஏன்? வேற எங்கயாச்சும் கெடச்சுதா?"

"இல்ல."

"அப்புறம் என்ன? கோபமா இருந்தா திட்டிடு. திட்டிட்டு வா."

"கோபம் இல்லக்கா. அங்க நீங்க இருப்பீங்க."

"இருந்தா என்ன? நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"நீங்க பேச வேண்டாம்க்கா. நீங்க பாத்தாலே போதும், என்னால சொல்ல முடியாது." அவள் மூச்சு வாங்குவது கேட்டது. "நாளைக்கு உண்மையான நாய் படுத்திருக்கும். உங்க கை எங்கயாச்சும் படும். நான் பாத்துடுவேன். பாத்துட்டுப் பேசாம நிப்பேன். அது எனக்கு வேண்டாம்."

"அப்படி ஆகாது. சத்தியமாச் சொல்றேன், நீ சொன்ன உடனே நான் வெலகிடுவேன்."

"வரலக்கா."

"அம்மாவ நெனச்சுப் பாரு."

இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. 'சரிக்கா' என்று வரும் என்று பெரியக்கா காத்திருந்தார். வர வேண்டும் என்றும் இருந்தது, வந்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

"நான் வரலன்னா வரலக்கா" என்றாள் குருவி. முதல் தடவையாக அவள் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் தெளிவாகக் கேட்டது. "வெச்சிடறேன்."

ஈரத் துண்டுகளின் வாசம் அடித்தது. இயந்திரத்தைத் திரும்ப ஓடவிட்டுவிட்டு நடைவழிக்கு வந்தார். டாக்டரம்மா அடுத்த நோயாளியின் எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வரவேற்பறைத் தம்பியும் எக்ஸ்-ரே எடுப்பவரும் நின்றார்கள்.

"என்ன, எப்ப வருதாம் அந்தப் பொண்ணு?" என்றார் டாக்டரம்மா, திரும்பாமலே.

"வரமாட்டாளாம்."

"ஏனாம்?"

தம்பி காதைத் தீட்டிக்கொண்டு நிமிர்ந்தான். தூரமாம், வேறு வேலை கிடைத்துவிட்டதாம், அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம் என்று எத்தனையோ காரணங்கள் வரிசையில் வந்து நின்றன. எல்லாம் கேட்டவர் உடனே நம்பக்கூடியவை.

"நான் இங்க இருக்கேன்ல" என்றார் பெரியக்கா. "அதனாலதானாம்."

டாக்டரம்மா எக்ஸ்-ரேயைக் கீழே வைத்தார். தம்பி தன் மேசைக்குத் திரும்பிப் போனான். இந்தச் செய்தியும் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் போய்விடும். இந்தத் தடவை அதில் ஒரு சொல்லும் கூடாமல் குறையாமல் போகட்டும் என்று நினைத்தபடி பெரியக்கா அடுத்த நாயைக் கூட்டி வரக் கூண்டுகள் பக்கம் நடந்தார்.